நிலம் மலிவு, ஆட்களும் உண்டு. ஆலை மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி இதுதான்: “எங்கள் மாவட்டத்தில் ஏக்கர் விலை ஸ்ரீபெரும்புதூரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் நிறைய. அப்படியும் கம்பெனிகள் சென்னை, ஓசூர், கோவை என்றே போகின்றன. ஒரு தொழிற்சாலை எந்த ஊரில் அமையும் என்பதை எது தீர்மானிக்கிறது?”

நிலத்தின் விலைதான் நம் கண்ணுக்கு முதலில் படுகிறது. கம்பெனிக்காரர் கணக்கில் அது பெரும்பாலும் கீழே கிடக்கும். நிலத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட்டில் 99 வருடக் குத்தகை, அதோடு முடிந்தது. லாரி வாடகை, மின்தடை, உதிரிபாகம் வராமல் லைன் நிற்பது, ஷிஃப்டுக்கு ஆள் வராதது, இதெல்லாம் முப்பது வருடம் தினமும் கொடுக்கிற செலவு. ஏக்கருக்கு ஐம்பது லட்சம் மிச்சம் என்று போய், தினமும் நூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சரக்கு ஓட்ட யாரும் விரும்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலை ஓர் ஊருக்கு வரவைத்த காரணம் வேறு, அதை அங்கேயே இருக்கவைக்கும் காரணம் வேறு. பள்ளிப் பாடத்தில் ‘கரிசல் மண், ஈரப்பதமான காற்று, அதனால் பருத்தி ஆலை’ என்று படித்தோமே, அது வரவைத்த கதை மட்டும். இருக்கவைத்த கதை வேறு. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டாவது கதையில்தான் இருக்கிறது.

முதலில் எளிதான கேஸை முடித்துவிடலாம். சில தொழில்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. சிமென்ட் அப்படி. ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டி) ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் போடவேண்டும். சூளையில் வேகும்போது கல்லின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. காற்றில் போகப்போகிற எடைக்கு யார் லாரி வாடகை கொடுப்பார்கள்? அதனால்தான் அரியலூர், டால்மியாபுரம், மதுக்கரை, தாழையூத்து என்று சுண்ணாம்புக்கல் இருக்கிற இடத்திலேயே ஆலைகள். கரும்பும் இதே வகை: வெட்டிய ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சர்க்கரைச் சத்து இறங்க ஆரம்பிக்கும், நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரையும் பத்து கிலோ அளவுதான். சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதும் இதனால்தான். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு சில நாளில் கெட்டுவிடும். அரைத்து எடுத்த மாவைக் காயவைக்க வெயிலும் விரிந்த களமும் வேண்டும். ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் 1909-லேயே இந்த எடைக் கணக்கை ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார். கல், கிழங்கு, கரும்பு வரைக்கும் அது இன்றும் செல்லுபடியாகும். அதைத் தாண்டினால் விஷயம் சிக்கலாகிறது.

சிவகாசியைப் பாருங்கள். தீக்குச்சிக்கான மரம் அங்கே விளைவதில்லை; கேரளத்திலிருந்து வந்தது. ரசாயனமும் வெளியூர்ச் சரக்கு. வெபர் கணக்குப்படி அங்கே தீப்பெட்டித் தொழில் இருக்கவே கூடாது. ஆனால் அந்த ஊரிடம் வறண்ட காற்றும் வெயிலும் இருந்தன. மருந்து தோய்த்த குச்சி காய வேண்டும், பட்டாசு மருந்தில் ஈரம் ஏறக்கூடாது. மானாவாரி விவசாயம் ஏமாற்றியதால் வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். இவ்வளவும் சுற்றியிருந்த இன்னும் பல ஊர்களுக்கும் பொருந்தும். சிவகாசிக்குக் கூடுதலாக அமைந்தது இரண்டு மனிதர்கள்: அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அப்புறம் நடந்தது சங்கிலித் தொடர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. வறண்ட காற்று காகிதத்துக்கும் நல்லது. லேபிள் அடித்த அச்சகங்கள் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று போயின. இன்று சிவகாசியின் பெரிய ஆஃப்செட் அச்சகங்களுக்கு ஏ.சி. அறை உண்டு, வானிலை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. பேப்பர் வியாபாரி, பைண்டிங் தெரிந்த ஆள், மெஷின் பழுதானால் ஓடிவரும் மெக்கானிக், நாடு முழுவதும் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஊட்டியில். குளிர்ச்சி, தூசியில்லாத காற்று என்று பார்த்துப் பார்த்து அங்கே இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை வைத்தார்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. தேர்ந்தெடுத்த காரணம் சரியானதுதான். ஆனால் மலைமேல் அது ஒற்றை ஆலையாகவே நின்றது. சுற்றி வேறு தொழில் முளைக்கவில்லை. டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிம் போயிற்று, ஆலையும் போயிற்று, அங்கே கற்ற திறமைக்கு ஊட்டியில் வேறு வேலை இல்லை. நல்ல இடம் என்பது மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது.

கோவையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மேலே சொன்ன இரண்டு கதைகளும் அங்கே ஒன்றாகத் தெரிகின்றன. வரவைத்த காரணங்கள் எல்லோருக்கும் தெரியும்: கரிசல் மண், கம்போடியா பருத்தி, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று (நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும்). 1888-ல் ஸ்டேன்ஸ் மில். ஆனால் மில்கள் கூட்டம் கூட்டமாக முளைத்தது 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் கீழே இறங்கிய பிறகுதான். மில்லைப் பைக்காரா மின்சாரம் ஓட்டியது சரி. அதே மின்சாரம் கிராமத்துக் கிணற்றுக்கும் போனது இன்னும் பெரிய விஷயம். அந்தப் பகுதியில் கிணறுகள் ஆழம் அதிகம். கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வந்ததும் மோட்டார் கேட்டார்கள். மில் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பட்டறைகள் மோட்டார் செய்ய இறங்கின. ஜி.டி. நாயுடுவும் டெக்ஸ்டூல் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தக் காலத்து ஆட்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் வார்ப்படம் வேண்டும், ஃபவுண்டரிகள் பெருகின. மோட்டார் செய்யத் தெரிந்த ஊரில் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? வெட் கிரைண்டர் வந்தது, கல் பக்கத்து ஊத்துக்குளியிலிருந்து. 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1962-ல் நூற்பு இயந்திரமே தயாரிக்கும் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ்.

இப்போது அந்தப் பழைய காரணங்களில் எது மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு மில்களின் தேவையில் இங்கே விளையும் பருத்தி ஒரு சிறு பங்குதான். மீதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. ஈரப்பதத்தை மில்லுக்குள் இருக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்துக்கொள்கிறது. மின்சாரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பாடப்புத்தகம் சொன்ன எல்லாக் காரணமும் போய்விட்டன. கோவை போகவில்லை.

ஏன் என்று தெரிய ஆவாரம்பாளையம், கணபதி பக்கத்துத் தெருக்களில் ஒரு சுற்று வந்தால் போதும். ஒரு பம்ப் கம்பெனி என்று போர்டு இருக்கும். உள்ளே போனால் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் மட்டும்தான் நடக்கும். பம்பின் பாடி ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்படப் பட்டறை) வார்த்து வரும். அதைக் கடைந்து தருவது இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்த பட்டறை. ஸ்டாம்பிங் ஒருவர், ஷாஃப்ட் கிரைண்டிங் இன்னொருவர், காயில் வைண்டிங் வேறொருவர். காலையில் ஒரு பீஸில் அளவு தப்பினால், மதியம் டெம்போவில் வேறு பீஸ் வந்து இறங்கும். புதிதாக ஒருவர் பம்ப் கம்பெனி தொடங்க வேண்டுமென்றால் ஃபவுண்டரியும் லேத்தும் வாங்கத் தேவையே இல்லை. டிசைனும் கொஞ்சம் முதலும் இருந்தால் மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைப்பது மாதிரி. இதே பம்பை உங்கள் மாவட்டத்தில் செய்ய வந்தால், முதல் நாளே எல்லா மெஷினையும் அவர் சொந்தமாக வாங்கிப் போடவேண்டும். நிலத்தில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அங்கே போய்விடும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளும் இப்படித்தான். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், பிரின்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒரு டி-ஷர்ட் ஊருக்குள்ளேயே ஏழெட்டுக் கைமாறும். பெரிய ஆர்டர் எடுத்தவர் தன் கொள்ளளவு போதாதபோது பாதியைப் பக்கத்து யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுப்பார். கடனுக்கு நூல் கிடைக்கும், ஏனென்றால் நூல்காரருக்கு உங்கள் சித்தப்பாவைத் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தைப் பொருளாதார நூல்கள் சுற்றிவளைத்துச் சொல்லும்; ஊரில் இரண்டு வரியில் முடிந்துவிடும். இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு: சொந்தபந்தம் இல்லாதவர் அந்த வட்டத்துக்குள் நுழைவது கடினம்.

திருப்பூர் காட்டும் இன்னொரு பாடம் தண்ணீர். சாயம் போட ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். போட்ட பிறகு உப்பும் சாயமும் கலந்த கழிவு எங்கேயாவது போகவேண்டும். அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட யூனிட்டுகள் நின்றன. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கும் அளவுக்குப் போனார்கள். அப்படியும் தையலும் ஏற்றுமதியும் திருப்பூரை விட்டு நகரவில்லை. கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்குச் செலவழித்து அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். அந்தச் செலவு போட்டியாளர்கள் பலருக்கு இல்லை, அதனால் விலையில் அடி வாங்குகிறார்கள். ஆனால் ஊரை மாற்றினால் மற்ற ஏழெட்டுக் கைகளும் போய்விடுமே. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளும் 1996 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கிட்டத்தட்ட இதையேதான் செய்தன.

சரி, சென்னைக்கு வருவோம். 1990-களின் நடுவில் ஃபோர்டு மறைமலைநகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தபோது, அரசு நிலம் கொடுத்தது, வரிச்சலுகை கொடுத்தது என்றுதான் பேச்சு. கொடுத்தார்கள்தான். வேறு மாநிலங்களும் கொடுக்கத் தயாராக இருந்தன. ஆனால் சென்னையில் அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பே வண்டித் தொழில் இருந்தது: எண்ணூரில் 1948 முதல் அசோக் மோட்டார்ஸ், பிறகு அது அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பிரேக், சக்கரம், போல்ட், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரத் தூரத்தில். வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சில வருடங்களுக்குள் உள்நாட்டு உதிரிபாகங்களைக் கூட்டவேண்டும் என்று மத்திய அரசு அப்போது நிபந்தனை வேறு போட்டிருந்தது. அதோடு துறைமுகம், செய்த காரைக் கப்பலில் ஏற்றலாம்.

கார் ஆலைக்குப் பக்கத்தில் எது இருக்கவேண்டும், எது தூரத்தில் இருக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். லாரியில் பாதி காற்றைத்தான் ஏற்றிப்போவோம். மாடலுக்கு மாடல் நிறமும் துணியும் மாறும். லைனில் அடுத்து வெள்ளைக் கார் வருகிறதா, டாப் மாடல் வருகிறதா என்று பார்த்து அதே வரிசையில் சீட் வந்து இறங்கவேண்டும். அதனால் சீட் கம்பெனி கார் ஆலைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். பம்பர், டாஷ்போர்டு எல்லாம் இப்படித்தான். போல்ட்டு, பேரிங் எங்கிருந்தும் வரலாம், ஒரு மாத ஸ்டாக் வைத்தாலும் பெரிய இடம் பிடிக்காது. கொரியாவிலிருந்து ஹூண்டாயைத் தொடர்ந்து அதன் சப்ளையர்களும் வந்து ஸ்ரீபெரும்புதூர் சுற்றி அமர்ந்ததன் பின்னணி இது.

செல்ஃபோன் செய்யும் நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, 2014-ல் மூடியது. அந்தச் சமயம் அங்கே வேலை பார்த்த பெண்களின் நிலை கொடுமைதான்; தொழிற்பேட்டையின் கதையைச் சொல்லும்போது அதைச் சட்டென்று தாண்டிப்போவது சரியில்லை. ஆனால் இடத்தைப் பொறுத்தவரை, சாலை இருந்தது, சப்ஸ்டேஷன் இருந்தது, விமான நிலையம் பக்கம் (ஃபோன் விமானத்தில் போகும் சரக்கு), லைனில் நின்று நுணுக்க வேலை செய்யப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். அதே நோக்கியா வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் செய்கிறது. ஊட்டியில் நடக்காதது இங்கே நடந்தது. இப்போது அங்கே நெருக்கடி ஆட்களுக்குத் தங்குமிடம்தான். வல்லம் வடகாலில் 2024-ல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கும் விடுதியை சிப்காட் கட்டித் திறக்கவேண்டி வந்தது.

அரசு நினைத்தால் இடத்தை மாற்றமுடியாதா? முடியும், சில நேரம் விபரீதமாகவும். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை மத்திய அரசு இரும்பு, எஃகுக்கு நாடு முழுவதும் ஒரே விலை வருமாறு சரக்குக் கட்டணத்தைச் சமன்படுத்தி வைத்திருந்தது. ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் கோவையில் இருந்தவருக்கும் எஃகு ஒரே விலை. நிலக்கரியும் இரும்பும் பூமிக்கடியில் வைத்திருந்த பீகாருக்கும் வங்கத்துக்கும் இருந்த ஒரே சாதகத்தை ஒரு கையெழுத்தில் எடுத்துவிட்டார்கள். நம் ஃபவுண்டரிகளும் பம்புகளும் வளர்ந்ததில் இந்தக் கொள்கைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுக்காரர்கள் உழைப்பு, திறமை என்று மட்டும் பெருமை பேசும்போது இதையும் ஓர் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பருத்திக்கு அப்படிச் சமன்படுத்தவில்லை என்று பீகார்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி.

வரிச்சலுகை யாரை நகர்த்தும் என்பதற்கு இமாச்சலத்தில் பத்தி (Baddi) என்ற ஊர் நல்ல உதாரணம். 2003-ல் கலால் வரி விலக்கு அறிவித்ததும் மருந்துக் கம்பெனிகள் அங்கே குவிந்தன. மாத்திரை எடை குறைவு, விலை அதிகம். எங்கே செய்தாலும் லாரி வாடகை விலையில் ஒட்டாது, அதனால் வரிதான் முடிவு செய்தது. சிமென்ட் ஆலையிடம் இதே சலுகையைக் காட்டினால், முதலில் கல் இருக்கிறதா என்றுதான் கேட்கும். ஓசூரிலும் சலுகை வேலை செய்தது, ஆனால் தனியாக இல்லை. பின்தங்கிய பகுதி என்ற மானியம் ஒரு பக்கம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு மறுபக்கம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என்று வந்தபோது, மானியத்தைத் தமிழ்நாடு கொடுத்தது, இன்ஜினியரையும் லேத் பட்டறையையும் கர்நாடகம் கொடுத்தது.

இனி உங்கள் மாவட்டம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கார் ஆலையையோ பம்ப் கம்பெனியையோ எதிர்பார்ப்பதில் பயனில்லை; அவை கூட்டத்தோடு இருக்கும் தொழில்கள். நிலமும் ஆளும் மட்டுமே கையில் இருக்கும் ஊருக்குப் பொருந்துவது, ஆட்கள் ஏராளமாக வேண்டிய, பொருள் இலகுவான, சப்ளையர்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய தொழில். செய்யாறைப் பாருங்கள். தைவானின் ஃபெங் தாய் குழுமம் அங்கே ஷூ ஆலை வைத்திருக்கிறது. கம்பெனிக்குத் தேவைப்பட்டது சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய பெண்கள், ஆயிரக்கணக்கில். சென்னைத் துறைமுகம் லாரியில் போய்வரும் தூரம். பெரம்பலூரும் தோல் அல்லாத காலணியில் இதே வழியைத்தான் முயல்கிறது.

துறைமுகம் இருந்தால் வேறொரு வழி திறக்கும். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கே சென்னையின் பாடியில் இருப்பது போல உதிரிபாகக் கூட்டம் கிடையாது. பாகங்களைக் கப்பலில் இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். சீட்டும் பம்பரும் செய்பவர்கள் அங்கே வந்து அமர்கிறார்களா என்பதை வைத்துத்தான் அது இன்னொரு ஸ்ரீபெரும்புதூரா, வெறும் பூட்டும் கொட்டகையா என்று தெரியவரும்.

நிலம் மலிவு என்று சொன்னீர்களே, அதிலும் ஒன்று கவனிக்கவேண்டும். ஐம்பது ஏக்கர் ஒரே துண்டாக, வில்லங்கம் இல்லாமல், பட்டா தெளிவாக, நடுவில் ஓடைப் புறம்போக்கு ஓடாமல் கிடைக்கிறதா? நாற்பது பேர் பெயரில் பிரிந்து கிடக்கும் மலிவு நிலத்தைவிட, சிப்காட்டில் கூடுதல் விலைக்கு ஒரே கையெழுத்தில் கிடைக்கும் நிலம் கம்பெனிக்கு மலிவு. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கட்டிக்கொண்டிருந்த கார் ஆலையை விட்டுவிட்டு 2008-ல் டாடா குஜராத்தின் சானந்துக்குப் போனது நிலத் தகராறில்தான்.

முதலில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் போய், ஏற்கெனவே என்னென்ன சிறுதொழில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அரிசி ஆலை மெஷின் பழுது பார்ப்பவர், டிராக்டர் டிரெய்லர் கட்டுபவர், போர்வெல் உதிரிபாகம் கடைபவர் என்று பத்துப் பட்டறை ஒரே தெருவில் இருந்தால், சிப்காட் போர்டைவிட அந்தத் தெருவுக்குத்தான் நல்ல சாலையும் தடையில்லா மின்சாரமும் முதலில் கேட்கவேண்டும். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிறார்கள்; இரண்டையும் எந்தப் பன்னாட்டு நிறுவனமும் வந்து தொடங்கிவைக்கவில்லை.